சூடு வைத்து ஒட்டிய படகு

அன்புள்ள சேவியர்,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது எட்டு வருடம் உன்னோடு பேசாதவன், இப்போது பேச உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. இதை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் பாய்மரப் படகு மல்பே கடற்கரையில் இன்னும் ஆற்றுமுகத்தில்தான் நிற்கிறது. பெங்களூரில் இருந்துகொண்டு இரண்டு பேர் கூட்டாகப் பாய்மரப் படகு வாங்கினோம் என்றால் இன்றைக்கும் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. அது கரைக்கு வராது, அடிப்பாகம் தரைதட்டிவிடும். போய் ஏறுவதற்குக் காற்றடித்த சின்ன ரப்பர் படகு வேண்டும். நம்மிடம் ஒன்று இருந்தது. ஒருநாள் பாதி வழியில் பக்கவாட்டில் வாய் பிளந்து, நம் இருவரையும் தண்ணீரில் தள்ளியது.

நீந்திக் கரையேறினோம். நான் பஞ்சர் ஒட்டி வாங்கிவந்த இடம்தான் விட்டது என்றாய் நீ. நீ அளவுக்கு மேல் காற்றடித்தாய் என்றேன் நான். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பிரேசர் டவுனில், உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில், என் மேலதிகாரி முன்னால், கையில் பிரியாணித் தட்டோடு நின்று சொன்னாயே: "பாஸ்கர் பஞ்சர் போட்ட போட்ல ஏறணும்னா, சர்ச் ஃபாதரையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போங்கப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறியது உன் அடக்கத்தன்றுதான்.

இந்த மார்ச்சில் உன் மகள் ரீட்டா அல்சூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கிள், அப்பாவோட போட்டை விக்கறதா இல்ல. நான் ஓட்டப் போறேன். அதுக்குப் போய் ஏற ஒரு டிங்கி வாங்கணும், அந்த ரப்பர் போட். எது ரொம்ப நாள் உழைக்கும்?"

"என்னைப் பத்தி உங்கப்பா என்ன சொல்வார்னு தெரியுமா?"

"தெரியும். ஃபாதர் ஜோக்தானே?"

நீச்சல் எப்படி என்று கேட்டேன். "சுமாரா வரும்" என்றாள். அந்தச் 'சுமாரா' என்னைத் தூங்கவிடவில்லை. நாம் விழுந்த இடத்தில் அவள் விழுந்தால்?

வியாபாரி ஒருவரிடமிருந்து, ரப்பர் படகு செய்யும் துணியில் இரண்டு துண்டுகள் வரவழைத்தேன். ஒன்று பிவிசி, இலேசு, பளபளப்பு. மற்றது ஹைபலான் என்ற செயற்கை ரப்பர் பூசியது. கனம், யானைத் தோல் மாதிரி. ஏப்ரல், மே முழுக்க இரண்டையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வெயிலில் போட்டேன். அவ்வப்போது பெட்ரோல் தொட்டுத் தேய்த்தேன், செங்கல்லில் உரசினேன். பிவிசி பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. மற்றது கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

ரீட்டாவுக்குத் திருப்தி இல்லை. "இதுல செஞ்ச படகு என்னா வெயிட்டு இருக்கும்! ஒத்த ஆளா நான் எப்படித் தூக்கறது? லேசானதே போதும் அங்கிள். கிழிஞ்சா ஒட்டிக்கலாம்ல?"

ஒட்டிக்கலாமாம். பரணிலிருந்து நம் பழைய ரப்பர் படகை இறக்கினேன். அதை ஏன் வைத்திருந்தேன் என்று உனக்குப் புரியும். உனக்கு எதிரான சாட்சி அது. "பார், பஞ்சர் கடையில நான் போட்டு வாங்கின ஒட்டு அப்படியே இருக்கு. பக்கத்துலதான் கிழிஞ்சிருக்கு" என்றேன். அவள் வெகுநேரம் தடவிப் பார்த்தாள். "ஒட்டினவரையே கேட்டுடலாமே" என்றாள்.

நவாஸ் பாயின் பஞ்சர் கடை இன்னும் அதே முனையில்தான். பாய் படகைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒட்டு நிக்குது சார். சுத்தி இருக்கற துணிதான் வெந்துபோச்சு. இது வண்டி டியூப் இல்ல, சூடு வெச்சு ஒட்ட வேணாம்னு அன்னிக்கே சொன்னேனே? 'போடு பாய், நான் இன்ஜினியரு'ன்னு நீங்கதானே நின்னு போட வெச்சீங்க?"

மறந்தே போயிருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை, சேவியர். இத்தனை வருடமும் நினைவில்தான் இருந்தது. அதை மூடத்தான் உன் மேல் அத்தனை கோபம் தேவைப்பட்டது. மல்பேயில் நீ அந்தப் படகில் கால் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

திரும்பும்போது ஆட்டோவில் ரீட்டா மெல்லக் கேட்டாள். "அப்ப, அப்பா சொன்னது சரிதானா?"

"படகு விஷயத்துல சரி. எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு."

"அது தப்புதான். அப்பாவே சொல்லியிருக்காரு."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட."

என்னிடம் சொல்ல என்னடா தடுத்தது உன்னை? பிரேசர் டவுனிலிருந்து அல்சூர் எவ்வளவு தூரம்?

அதற்குப் பிறகு ரீட்டா லேசானதைக் கேட்கவில்லை; கனமான படகுக்கே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. இரண்டு பேர் தூக்க வேண்டும் என்று எச்சரித்தேன். "அப்ப மறுபக்கம் நீங்க புடிங்க" என்றாள், அது ஏற்கெனவே முடிவான விஷயம் போல. என் முட்டி வலியைச் சொன்னேன். உன்னைப் போலவே காதில் வாங்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சிரிப்பு இன்னும் கேட்கிறது. ஆனால் இந்த வாக்கு உனக்கு: மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் மல்பேக்கு நானும் போவேன். காலையில் அடித்த காற்றை, சூட்டில் விரிந்து வெடிக்காதபடி, வெயில் ஏறுமுன் கொஞ்சம் இறக்குவேன். என்றைக்காவது ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டால், எந்த இடம், யார் போட்டது, யார் வேண்டாம் என்றது, அத்தனையும் உன் மகள் கால் எடுத்து வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

படகின் மறுபக்கத்தைப் பிடிக்கப் போகிற,
ரீட்டாவின் அங்கிள், உன் மாப்ளே,
பாஸ்கர்