புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சுக் கடிகாரம்

காலையில் குத்துவிளக்கு துலக்கப் புளி ஊறப் போட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமையும் வந்தது. அதற்கு முந்தின வெள்ளியும்தான். போய்ச் சேர்ந்த புருஷனிடம் கோபப்படக் கூடாது என்று உங்கள் அக்கா சொல்கிறாள். அவளுக்கென்ன, அவளா கடிகாரத்தைக் கெடுத்தாள்?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவினோம். குடம், விளக்கு எல்லாம் துலக்கி முடித்த கையோடு உங்கள் அறையைத் திறந்தேன். கண்ணாடி அலமாரியில் உங்கள் ஏழு பிரெஞ்சுக் கடிகாரங்களும் இருந்தன. நடுவில் நம் முதல் கடிகாரம். மேலே ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாளே, அது. மங்கிப்போய்த் தெரிந்தது. இரண்டு மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் துடைக்க ஆளில்லாமல் கறுத்துவிட்டது என்று நினைத்தேன். நாலு பேர் வருகிற இடத்தில் உங்களுக்குப் பிடித்த சாமான் அழுக்காக இருக்கலாமா? கடிகார முகத்தில் தண்ணீர் படாமல் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன். விளக்கு மாதிரி மின்னியது. கூடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அந்த வெள்ளைக்காரியின் நெற்றியில் குங்குமம் இட்டேன். எனக்குத்தான் இனிமேல் இல்லை, அவளுக்காவது இருக்கட்டும் என்று.

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து உங்கள் சிநேகிதர் வந்தார், உங்களைப் போலவே கடிகாரம் சேர்க்கிற அந்த அண்ணாச்சி. மாலையைக்கூட உங்கள் படத்துக்குப் போடவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார்.

“ஐயையோ மதினி, இதை யாரு தேய்ச்சது?”

“நாந்தான். ஏன், நல்லா இல்லையா?”

“இப்ப மின்னுதது பித்தளை மதினி. மேல இருந்தது தங்கம். பாதரசத்துல தங்கத்தைக் கரைச்சு, தீயில காட்டி ஏத்துன முலாம். நூத்தம்பது வருசம் அப்படியே இருந்திருக்கு. அதுக்குப் புளிப்பும் ஆகாது, பொடியும் ஆகாது. அவிய உங்ககிட்ட சொல்லலியா?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் அக்கா, நம் மகன், மருமகள், இடைசெவலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“சொன்னாவ. நாந்தான் மறந்துட்டேன்.”

பச்சைப் பொய். உங்கள் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று, புத்தி கெட்டவள் என்ற பெயரை நான் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமான நாலாம் மாதம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனீர்கள். கடல் பார்க்க என்றுதான் சொன்னீர்கள். பழைய சாமான் கடை வாசலில் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனவர், வெயில் என் காலிலிருந்து தலைக்கு ஏறிய பிறகுதான் வெளியே வந்தீர்கள், கையில் இந்தக் கடிகாரத்தோடு. ஊசலைக் கழற்றி என் கைப்பையில் போட்டீர்கள். மற்றதை என் கல்யாணப் பட்டில் சுற்றி என் மடியில் வைத்தீர்கள். பஸ் மாறி பஸ் மாறிக் கோவில்பட்டி வரைக்கும் என் மடியில்தான் வந்தது. “பச்சப்புள்ளையப் பிடிக்க மாதிரி பிடிச்சுக்கோ” என்றீர்கள். அப்படியேதான் பிடித்துக்கொண்டு வந்தேன், கால் மரத்துப்போனது. வீட்டில் இறக்கி வைத்ததும் முந்தானையால் தூசியைத் துடைக்கப் போனேன்.

“ஏட்டி, அதைத் தொடாத. உனக்கு வெளங்காது.”

மடியில் வரும்போது விளங்கியது, வீட்டுக்கு வந்ததும் விளங்காமல் போய்விட்டதா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் கேட்காமலே இருந்துவிட்டேன்.

நம் கரிசலில் பருத்தி கைகொடுத்த வருஷங்களில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கறுப்புக் கல்லில் ஒன்று, பீங்கானில் ஒன்று. காற்றுக் காலத்தில் கரிசல் மண் ஜன்னல் வழியாக வந்து சோற்றில் விழும், உங்கள் அலமாரிக்குள் மட்டும் ஒரு பொட்டு போகாது. துடைப்பதற்கென்றே ஒரு சவர பிரஷ் வைத்திருந்தீர்கள். வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்துவீர்கள். “வாங்குததுக்கு முன்னால பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. மிஷின்ல உள்ள நம்பரும் ஊசல்ல உள்ள நம்பரும் ஒண்ணா இருக்கணும். ரொம்ப மின்னுனா வாங்காதீங்க.” காபி ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். மின்னினால் ஏன் வாங்கக் கூடாது என்று மட்டும் நீங்கள் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாம் கடிகாரம் சேர்க்கிறவர்கள், அவர்களுக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி. புளியும் என் கையில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பித்தளையைத் திருநெல்வேலி அண்ணாச்சியா வந்து துலக்குகிறார்?

ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் அவருக்குப் போன் போடுகிறீர்கள். “சாவி அலமாரி மேல்தட்டுல டப்பாக்குள்ள கெடக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்து முறுக்கிட்டுப் போங்க அண்ணாச்சி.” பக்கத்தில் இருப்பவள் கண்ணுக்குத் தெரியவில்லை, திருநெல்வேலியில் இருப்பவர் தெரிகிறார். கிண்ணத்தை அப்படியே கீழே போட்டிருக்க வேண்டும். ஊட்டிவிட்டேன். அவருக்கு வர ஒழியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், “எல்லாம் நின்னுருக்கும்” என்று முனகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

முலாம் திரும்பப் பூசித் தரட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பித்தளையாகவே கூடத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரியின் பாவாடை மடிப்புக்குள்ளே, புத்தகத்துக்கு அடியில், என் விரல் போகாத இடங்களில் மட்டும் பழைய தங்கம் கொஞ்சம் மிச்சம். நேற்று மருமகள் துணியோடு பக்கத்தில் போனாள். பிரஷை அவள் கையில் கொடுத்தேன்.

“புளி, பொடி, ஈரத்துணி எதுவும் ஆகாது தாயி. இது ஒண்ணுதான்.”

“மாமா சொன்னாவளா அத்தை?”

“இல்ல. அவிய சொல்லல. நான் சொல்லுதேன்.”

சாவி இப்போது என் சாவிக்கொத்தில் கிடக்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதமும் கடிகாரங்கள் நிற்கவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்தேனே, ஏழையும் நான்தான் முறுக்கினேன். இடது சாவித் துளை மணியடிக்க, வலது துளை ஓட. எல்லாம் விளங்கியது. திரும்பி வந்து, நீங்கள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு, வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்போது முறுக்கும்போதெல்லாம் அந்த வீம்பின்மேலும் கோபம் வருகிறது. “நான் முறுக்கிட்டுத்தான் வாரேன்” என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் போதும். யாரைக் கேட்டுத் தொட்ட என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தியிருப்பீர்கள். துணி போடாதே, தண்ணீர் காட்டாதே என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்து, அந்த ஆத்திரத்தில் புளியையும் சொல்லியிருப்பீர்கள்.