கை காட்டியது நினைவில்லை, நஸீமாக்கா

என் நஸீமாக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. அங்கே ஷிப்டும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. அதனால் நிதானமாகப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இன்று எனக்கு ஓய்வு நாள். சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, "பேஜாரா இருக்குடி, இன்னா பண்றே?" என்று எனக்குப் போன் பண்ணுகிறவள் நீ. உனக்கு ஓய்வைப் பற்றி எங்கே புரியப்போகிறது?

முதலில் சேதி. வருகிற ஞாயிறு சென்னையில் போட்டி. ஒரே மூச்சில், தலையை வெளியே தூக்காமல், நீச்சல் குளத்தின் அடியிலேயே எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்ப்பார்கள். நம் மாநிலத்தில் இதுவரை ஒரு பெண் போன தூரத்தைவிட இரண்டு மீட்டர் அதிகம் போகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். ஆமாம், நானேதான். ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கவிதா!

இதற்கெல்லாம் நீதான் காரணம். கம்பெனி பஸ், தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு ஓடுகிற கால்வாயைத் தாண்டும்போது பஸ்ஸே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். நாம் இரண்டு பேர் மட்டும் பந்தயம் கட்டி மூச்சை அடக்குவோம், பாலத்திலிருந்து ரயில்வே கேட் வரைக்கும். பாதி வழியில் உனக்குக் கண் பிதுங்கிவிடும். கேட் தாண்டியும் நான் விடமாட்டேன். "நீ இன்னா பொம்பளையா, மீனாடி?" என்று முதுகில் ஓர் அறை விழும்.

வேலூர் நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். கணியம்பாடியில் மாமா வீட்டுக் கிணற்றில் கற்ற நீச்சலை வைத்துக்கொண்டு நான் குதித்தேன். புர்க்காவோடு பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு வாங்கிய சமோசாவையும் சேர்த்து நீ தின்றுகொண்டிருந்தாய். அங்கே பயிற்சி கொடுக்கிற மாலதி மேடம் ஓடி வந்து, "யாரும்மா இந்தப் பொண்ணு, இவ்ளோ நேரம் மேலயே வரல?" என்று கேட்டார். "எங்க தையல் லைன் பொண்ணு மேடம்," என்றாய், என்னமோ நீயே பெற்று வளர்த்த மாதிரி.

அந்த மேடம்தான் இன்றைக்கு ஓய்வு என்று உத்தரவு போட்டிருக்கிறார். மூச்சை அடக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. காலையில் பால் வாங்கப் போனேன். கால்வாய் நாற்றம் வந்ததும் மூச்சு அது பாட்டுக்குத் தானாக நின்றுகொண்டது. ஊரே இப்படி இருந்தால் நான் எங்கே போய் ஓய்வெடுப்பது?

தெம்புக்குக் குறைவில்லை அக்கா. தொடை இரும்பு மாதிரி இருக்கிறது. அந்த இரண்டு மீட்டர் எனக்குள் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்ல வந்தது வேறு.

நேற்று முழுத் தூரமும் போய்ப் பார்த்தோம். மேடம் எனக்கு மேலே, கூடவே நீந்தி வந்தார். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மூன்று காரியம் செய்ய வேண்டும். கண்ணாடியைக் கழற்றணும், விரலை வளைத்து ஓகே காட்டணும், "ஐ ஆம் ஓகே" என்று வாயால் சொல்லணும். செய்யாவிட்டால் போன தூரம் செல்லாது. நேற்று மூன்றையும் ஒழுங்காகச் செய்தேனாம். மேடம் கைதட்டிக் கூத்தாடினார்.

எனக்கு அதில் ஒன்றுகூட நினைவில்லை. கடைசியாகத் திரும்பியபோது சுவரை உதைத்தது தெரியும். அடுத்து, கைதட்டுகிற சத்தம். நடுவில் எதுவுமே இல்லை. கத்தரியால் வெட்டி எடுத்த மாதிரி இருக்கிறது.

அது என்ன என்று எனக்குத் தெரியாதா? முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மூளைக்குக் காற்று பத்தவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை தண்ணீருக்கு அடியிலேயே மயங்கலாம். இப்படி ஏதாவது வந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடணும். "எப்டிம்மா இருக்கு?" என்று மேடம் கேட்டார். "சூப்பர் மேடம்," என்றேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே அக்கா! ஒரு வருஷமாக விடிகாலை பஸ் பிடித்து வேலூருக்குப் போய் வந்தது எதற்கு?

மத்தியானம் உன்னைப் பெற்ற அம்மி வந்தார்கள், தூக்குச் சட்டியில் பிரியாணியோடு. "ரெஸ்ட்டுன்னியே, அதான் கொண்டாந்தேன்."

"போட்டி முடியற வரைக்கும் எண்ணெ கூடாது அம்மி."

"எண்ணெ கம்மிதான். ஜாஸ்தி பேசாம துன்னு."

தின்றேன். வேறு என்ன செய்ய? அம்மி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூஞ்சி ஏன்டி ஒரு மாதிரி கீது? உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல அம்மி. நல்லாத்தான் இருக்கேன்."

சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது உன் பேச்சு. வார்த்தை மாறாமல் அப்படியே உன் பேச்சு.

மூன்று நாள் காய்ச்சலோடு நீ லைனில் உட்கார்ந்தாயே, அப்போது சூப்பர்வைசரிடம் சொன்னது அதைத்தானே? வருஷம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்குக் குக்கர் கொடுப்பார்கள். இன்னும் நாலே நாள் பாக்கி. உன் தையல் கோணலாக ஓடியது. உனக்கு வந்த மேல்பாகங்களில் பாதியை நான் என் பக்கம் இழுத்துப் போட்டுத் தைத்தேன். "யார் கிட்டயும் சொல்லாதடி," என்றாய். நானும் சொல்லவில்லை. நாலாவது நாள் காலையில் வீட்டு பாத்ரூமில் விழுந்தாய். டெங்கு, ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் அக்கா அது. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என் மேல் அதைவிட ஜாஸ்தி.

கை கழுவிவிட்டு, அம்மி எதிரிலேயே மேடத்துக்குப் போன் போட்டேன். நேற்று நடந்ததைச் சொன்னேன்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"எங்க கம்பெனில யாரும் சொல்ல மாட்டோம் மேடம். பழகிப்போச்சு."

"இது உன் கம்பெனி இல்ல கவிதா. இது உன் உசுரு." திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம நீ இறங்கல. நான் பேர எடுத்துடறேன். நாளைக்கு டாக்டரப் பாக்கறோம். அவரு சரின்னா, அடுத்த போட்டிக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். சொன்னியே, அதுக்கு தேங்க்ஸ்."

போனை வைத்துவிட்டு அழுதேன். உன்னிடம் எதற்கு மறைக்கணும்? சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதேன். ஞாயிற்றுக்கிழமை வேறு யாராவது அந்தத் தூரத்தைத் தாண்டிப் போய்விட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அழுகையோடு அழுகையாக, இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "அம்மி, நஸீமாக்காவுக்கு மொத நாள்லேர்ந்தே காய்ச்சல். எனக்குத் தெரியும். அவங்களுது நான்தான் தச்சுக் குடுத்தேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அம்மி சட்டி மூடியைப் போட்டார்கள். எடுத்தார்கள். மறுபடி போட்டார்கள்.

"எனக்கும் தெரியும்டி," என்றார்கள். "மூணு நாளும் காலைல மாத்திரை குடுத்து பஸ் ஏத்தி உட்டதே நான்தான்."

இதை இரண்டு வருஷமாக அவர்களும் யாரிடமும் சொன்னதில்லையாம் அக்கா. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயந்திரம் வரைக்கும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தோம்கூட.

அடுத்த போட்டிக்கு அம்மியையும் கூட்டிக்கொண்டு போகிறேன், கேட்டுவிட்டேன், வருகிறார்கள். அந்த இரண்டு மீட்டரை நான் எடுக்கத்தான் போகிறேன். வேறு யாராவது எடுத்திருந்தால் அவளுக்கு மேல் இரண்டு மீட்டர். ஆனால் உனக்கு என் சத்தியம் இதுதான் அக்கா: சுவரைத் தொட்டது, மேலே வந்தது, விரலைக் காட்டியது, அம்மி முகத்தைப் பார்த்தது, எல்லாம் என் நினைவில் இருக்கிற மாதிரிதான் வெளியே வருவேன். இல்லையென்றால், இல்லை என்று அங்கேயே வாயைத் திறந்து சொல்வேன்.

உன் பக்கத்து மெஷின்காரி,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கவிதா