தலைகீழாகத் தொங்கிய மெர்சிங் ரோடு

சிம்பாங் ரெங்கம்,
ஆகஸ்ட் 24.

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுறது. நாங்க இங்க சௌக்கியம், நீ அங்க சௌக்கியமான்னுதான் ஆரம்பிக்கணும், ஆனா இந்தத் தடவை அப்படி எழுதினா பாதி பொய்யாயிடும். இப்போ நல்லா இருக்கோம், நடுவுல நல்லா இல்லை, அதை உன்கிட்ட மறைச்சுட்டேன். போன்ல சொல்லலாம்னா உங்க அப்பா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, நான் எதை வாயைத் திறந்து சொல்றது? பக்கத்து வீட்டு வாசுகி டாக்டருக்குப் படிக்க நீ இருக்கிற டப்ளினுக்கே வர்றா, வியாழக்கிழமை பிளேன் ஏறுறா. அவ கையில இந்தக் கடிதத்தோட கறித்தூளு, முறுக்கு, ரெண்டு ஜோடி காலுறை எல்லாம் குடுத்துவிட்டிருக்கேன். காலுறையைப் போட்டுக்கோ, அலமாரியில மடிச்சு வைக்காதே. போன தடவை வீடியோவில உன் குதிகாலைப் பார்த்தேன், வறண்ட வயல் மாதிரி வெடிச்சுக் கிடக்கு.

விஷயத்துக்கு வர்றேன். மே மாசம் அப்பா டயாலிசிஸுக்குப் போகமாட்டேன்னு உக்காந்துட்டாரு. முதல்ல ஒரு வெள்ளிக்கிழமை, மழைன்னாரு. அடுத்த திங்கள் இடுப்பு வலின்னாரு. புதன்கிழமை காரணமே சொல்லலை, போதும் கஸ்தூரி, என்னை விட்டுடு, அப்படின்னாரு. ஏன்யா இப்படின்னா, நாலு மணி நேரம் மல்லாந்து படுத்து கூரைப் பலகையில இருக்கிற ஓட்டையை எண்ணி எண்ணி என் ஆயுசு போகணுமா, இத்தனை வருஷம் லாரி ஓட்டி ரோட்டைப் பார்த்தவன்டி நான், அப்படிங்கறாரு. கால் ரெண்டும் வீங்கி, படுத்தா மூச்சு வாங்கி, கடைசியில பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. அந்த ரெண்டு நாளும் நீ கூப்பிட்டப்போதான் லைன் சரியில்லைன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோம்மா. உன்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவே, அதைப் பார்த்தா அவரு இன்னும் ஒடிஞ்சு போயிடுவாருன்னு பயந்துட்டேன். அப்புறமும் வாரத்துல ஒரு நாளாவது டிமிக்கிதான். இன்னொரு வாட்டி இப்படி வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டாரு.

இதுக்கு நடுவுல நம்ம இடைநிலைப்பள்ளியில ஓவியம் படிக்கிற படிவம் நாலு வகுப்புப் பிள்ளைங்க டயாலிசிஸ் சென்டருக்கு வந்தாங்க. அவங்களுக்கு ஓவியம் சொல்லித் தர்ற டீச்சர், சிக்கு நோரைனி. அவங்க அப்பாவும் முன்னாடி அங்கதான் படுத்திருந்தாராம், அதனால அவங்களுக்குத் தெரியும், அங்க இருக்கிறவங்க சுவரைப் பார்க்கிறதில்லை, மேலதான் பார்க்கிறாங்கன்னு. அதனால கூரையில இருக்கிற ரெண்டடிக்கு ரெண்டடி பலகையைக் கழட்டி, ஆளுக்கு ஒரு பலகையில பிள்ளைங்க படம் வரைஞ்சு, அந்தந்த நாற்காலிக்கு மேலேயே மாட்டிக் குடுக்கிறதுன்னு ஏற்பாடு. என்ன படம் வேணும்னு ஒவ்வொருத்தரையா கேட்டாங்க. ஒருத்தரு மீன்குளம் கேட்டாரு, ஒரு சீனப் பாட்டி டுரியான் மரம் கேட்டாங்க. அப்பாகிட்ட வந்தது டயர் கடை சந்தனசாமி மக நிக்கோல். ஒல்லியா, கண்ணாடி போட்டு, வாய் ஓயாம பேசுவா. அப்பா, ஒண்ணும் வேணாம் லா, வெள்ளையாவே விடுன்னு முறைச்சாரு. அவ நகரணுமே! ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. நான் கோப்பி வாங்கப் போயிட்டு வர்றேன், ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க, என்னைப் பார்த்ததும் கப்சிப். என்ன கேட்டீங்கன்னா, ரோடுன்னாரு. அவ்வளவுதான்.

ஜூலையில ஒரு திங்கள்கிழமை திறப்பு விழா. நோயாளிங்க எல்லாரும் கட்டாயம் இருக்கணும்னு சிக்கு வீட்டுக்கே வந்து சொன்னதால முனகிக்கிட்டே வந்தாரு. நம்ம ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எதைச் செஞ்சாலும் வர்ற பெரிய மனுஷங்களுக்குத்தான் முதல்ல செய்வாங்க. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருந்தப்போ பலகை மாட்ட வந்த ஆளுங்க, திறந்து வைக்க வர்றவங்க வாசல்ல நின்னு பார்த்தா நேரா தெரியணும்னு பன்னிரண்டு பலகையையும் வாசலைப் பார்த்து மாட்டிட்டுப் போயிட்டாங்க. ரிப்பன் வெட்டி, கைதட்டி, போட்டோ பிடிச்சு, கறிபாப் தின்னுட்டு அவங்க கிளம்பிட்டாங்க. அப்புறம் நோயாளிங்க நாற்காலியில சாஞ்சா, அலமாக், அத்தனையும் தலைகீழ்! டுரியான் மரத்துக்கு வேர் மேல, மீனெல்லாம் வயித்தைத் தூக்கிக்கிட்டுச் செத்துக் கிடக்கு. பிள்ளைங்க மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னாங்க. உங்க அப்பா சும்மா இருப்பாரா? என் லாரி குடைசாய்ஞ்சு கிடக்கு, ரோடு வானத்துல போகுது, இருபத்தெட்டு வருஷம் மீன் லாரி ஓட்டி ஒரு நாள் கவுத்ததில்லை, நீங்க ஒரே நாள்ல கவுத்துட்டீங்கன்னு சத்தம் போட்டுட்டாரு. நிக்கோல் பாவம், கண்ணாடியைக் கழட்டிட்டு விம்மி விம்மி அழுதுட்டா. எனக்கு அவர் வாயிலயே ஒண்ணு போடலாமான்னு இருந்துச்சு. அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அழாதம்மா, புதன்கிழமைக்குள்ள திருப்பி மாட்டிடு, நானே வந்து பார்க்கிறேன்னாரு.

வந்து பார்க்கிறேன்னு அவர் வாயாலயே சொன்னாரு, கவனிச்சியா? செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைங்களே ஏணி போட்டு ஏறி, பன்னிரண்டையும் கழட்டித் திருப்பிட்டாங்க. புதன்கிழமை எனக்கு முன்னாடி குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு, கிளம்பலையா இன்னும்னு என்னை அதட்டறாரு. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட விடலை, ஷர்மி. கால் வீக்கம் வத்திடுச்சு. கோயில் திருவிழாவுக்கு நடந்தே வந்தாரு. நானும் முதல்ல அந்த ரோடுதான் காரணம்னு நினைச்சேன்.

போன வெள்ளிக்கிழமைதான் எனக்கு விளங்குச்சு. அவரை நிறுத்தி எடை பார்க்கிறப்போ, எனக்கு முதுகு வலின்னு அவர் நாற்காலியில கொஞ்சம் சாஞ்சேன். கீழ நின்னு அண்ணாந்து பார்க்கிறப்போ மிஷினும் பாட்டில் தொங்குற கம்பியும் மறைச்சு எனக்கு ரோடும் செம்பனை மரமும்தான் தெரிஞ்சிருக்கு. அவர் படுக்கிற மாதிரி படுத்தாத்தான் முழுசும் தெரியுது. வலது பக்கம் ஸ்டீயரிங், அதுல அவர் கை. எதிர்ல காலை வெயில்ல மெர்சிங் ரோடு, கோடியில விரல் அகலத்துக்குக் கடல். இடது பக்கம், லாரியோட முன்கண்ணாடிக்குக் கீழ, மேலே தூக்கி வெச்ச ரெண்டு சின்னக் காலு. ஒரு காலுல நீலச் சிலிப்பர், ஒரு காலுல சிவப்புச் சிலிப்பர்.

உனக்கு ஏழு வயசு. பள்ளி விடுமுறையில அப்பாவோட லாரியில போயி, மெர்சிங் படகுத்துறையில ஒரு நீலச் சிலிப்பரைத் தண்ணியில விட்டுட்டே. அழுகையை நிறுத்த ஒரு படகுக்காரரு எங்கேயோ கிடந்த ஒத்தைச் சிவப்பைக் குடுத்தாரு. புதுசு வாங்கிக் குடுத்தும் அதைக் கழட்டமாட்டேன்னு ஒரு வருஷம் அதையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சே. பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலையான்னு நான் அவரை எவ்வளவு திட்டினேன்! அப்புறம் அதையெல்லாம் நானே மறந்துட்டேன். அவரு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்லை, உன்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டாரு, அந்த டயர் கடைப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்காரு. அவ ஒரு மார்க்கும் வராத படத்துக்கு அந்த ரெண்டு சிலிப்பரையும் வாரு அறுந்த இடம் வரைக்கும் வரைஞ்சிருக்கா. நான் அங்கேயே அழுதுட்டேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து எனக்கும் பிரஷர் பார்த்தாங்க.

வேலையை விட்டுட்டு வந்து நிக்காதே, அது அவருக்குப் பிடிக்காது. தீபாவளிக்கு லீவு கிடைச்சா மட்டும் வா. வரும்போது நிக்கோலுக்கு நல்ல பிரஷ் ரெண்டு வாங்கிட்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல தலை ஈரத்தோட வெளியே போகாதே. முருகன் துணையால நீ நோய் நொடி இல்லாம, நெனைச்சது கைகூடி, நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. புதன்கிழமை இங்க மதியம் ரெண்டு மணிக்குக் கூப்பிடு, உனக்குக் காலை ஏழு. அப்போ அவர் நாற்காலியில இருப்பாரு. அம்மா எழுதினான்னு காட்டிக்காதே, படத்தைப் பத்தியும் கேக்காதே. லாரியில நீ காலைத் தூக்கி வெச்சா, காலை இறக்கு காலை இறக்குன்னு வழியெல்லாம் அதட்டுவாரே, இப்போ வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம் அந்தக் காலைத்தான் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காரு. நீ வீடியோவில முகத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி, அவருக்கு ஒரு தடவை உன் காலைக் காட்டு.

இப்படிக்கு,
உன்னையே நெனைச்சுக்கிட்டிருக்கிற அம்மா,
கஸ்தூரி கனகராஜ்