இடுப்பில் நாலு ஸ்க்ரூ

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. முந்தானையில் குச்சு கட்டக் கொடுத்த பட்டுப்புடவைகள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. விரல் நுனியெல்லாம் எரிகிறது. என் வீட்டுக்காரர் ஹேமநாத், களம்பூர் ரைஸ் மில்லில் இருந்து வரும்போது இன்னொரு குடை வாங்கி வந்திருக்கிறார். இருக்கிற குடைகளை யார் பிடிக்கிறதாம்? கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பிலேயே என் கோபம் பாதி போய்விடும், அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 12, புதன்

வேலூர் ஆஸ்பத்திரி. அவர் ஸ்கேன் ரூமில்.

நெல் லாரி மேல ஏறி தார்ப்பாய் இழுத்துக் கட்டினாராம். வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே தரையில விழுந்துட்டாரு. மில் ஆளுங்க வேன்ல படுக்க வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. "சுளுக்குதான், காலைல புத்தூர் வைத்தியர்கிட்ட போயி கட்டு போட்டுக்கலாம்"னு அவரே சொன்னாரு. ரெண்டு காலையும் ஆட்டிக் காட்டினாரு. நானும் நம்பிட்டேன்.

பொழுது சாஞ்சுகினு இருந்தது. ஜைனர் வீடு, இருட்டினப்புறம் சாப்பிட மாட்டோம். "சூரியன் போறதுக்குள்ள புள்ள ரெண்டு வாய் சாப்பிடட்டும், ராத்திரி முழுக்க வலி தாங்கணுமே"ன்னு அத்தை தன் மகன் தோளைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வெச்சாங்க. நான் சட்னி எடுக்கப் போனேன். ஒரே அலறல். அதுக்கப்புறம் இடது பாதம் அசையவே இல்லை.

அத்தையை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். ஆம்புலன்ஸ் கிளம்பறப்போ வாசல்ல கையைப் பிசைஞ்சுகினு நின்னாங்க. நான் ஏறச் சொல்லல.

நவம்பர் 13, வியாழன்

டாக்டர் படத்தைக் காட்டினார். முதுகெலும்பில், இடுப்புப் பகுதியில் மூணாவது எலும்பு நொறுங்கி, ஒரு துண்டு நரம்பு போகிற வழிக்குள்ளே வந்துவிட்டது. "இது நிலையா நிக்காத முறிவும்மா. அசைஞ்சா இன்னும் நகரும். கட்டு போட்டு ஆத்துற விஷயம் இல்ல. மேல் எலும்புலயும் கீழ் எலும்புலயும் ஸ்க்ரூ போட்டு, கம்பியால இணைச்சு நிறுத்தணும். நரம்பை அழுத்துற துண்டை எடுக்கணும்." நாளைக்கே செய்கிறார்கள். நடப்பாரா என்று கேட்டேன். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

திருப்பிப் படுக்க வைக்கவே நாலு பேர் வேண்டும். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பணும், கட்டையை உருட்டுகிற மாதிரி. பெட்பேன் வைக்க வேண்டுமே என்று சாப்பாட்டையே குறைத்துவிட்டார் மனுஷன். "நர்ஸைக் கூப்பிடாத பிரமி, பொறுத்துக்கறேன்." சரி, நானே வெச்சுட்டேன். அதுக்கும் கண்ணை இறுக்க மூடிக்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு என்கிட்ட இன்னா வெட்கம்?

நவம்பர் 14, வெள்ளி

ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "ஏன் பிரமி, ஸ்க்ரூ துரு புடிக்காதா?" என்கிறார். பேஜார் புடிச்ச மனுஷன்! சிரிச்சுட்டேன். கதவு மூடினதும் அழுதுட்டேன். தினமும் சொல்கிற பஞ்ச மந்திரம் பாதியில் மறந்து மறந்து போச்சு.

மாலை — முடிந்தது. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கம்பி. இடது கட்டைவிரல் லேசாக அசைகிறது. நிஜமா, எனக்குத்தான் அப்படித் தெரியுதா? டாக்டரும் பார்த்தார். "விரல் அசையுது. பாதம் தூக்க வரல. காத்திருக்கணும்."

நவம்பர் 16, ஞாயிறு

நாத்தனார் ஸ்வர்ணலதா போன் செய்தாள். அத்தை சாப்பிடுவதே இல்லையாம். "என் கையாலயே புள்ளையை முடமாக்கிட்டேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்களாம். நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் மனசு கேக்கல.

டாக்டரிடம் போய் நின்றேன். உட்கார வைத்ததால்தான் எலும்பு நகர்ந்ததா? "இருக்கலாம். வேன்ல வந்தப்பவும் நகர்ந்திருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அத்தைக்குப் போன் போட்டேன். "டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு அத்தே. வேன் குலுக்கல்லயே நகர்ந்துடுச்சாம். நீங்க தூக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியாம்."

"நிஜமாவா பிரமி?"

"நிஜமாத்தாங்க. காலைல மொத பஸ்ல வாங்க. உங்க புள்ளயை என்னால தனியா சமாளிக்க முடியல."

பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே விரதம் எடுத்தவள் நான். எங்க சாமி ஆதிநாதர் என்ன வேணா நெனச்சுக்கட்டும்.

நவம்பர் 17, திங்கள்

அத்தை வந்தாங்க. மகன் பக்கத்திலேயே போகாமல் கால்மாட்டில் ஒதுங்கி நின்றார்கள், தொட்டால் உடைந்துவிடுவார் போல. திருப்பிப் படுக்க வைக்க ஓர் ஆள் குறைந்தது. "அத்தே, நீங்க இடுப்பைப் பிடிங்க" என்றேன். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். "எம்மா, பயப்படாத. உள்ள இரும்பு வெச்சிருக்காங்க," என்றார் இவர். அத்தை பிடித்தார்கள். நர்ஸ் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து திருப்பினோம். அப்புறம் அத்தை கட்டில் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

டிசம்பர் 6, சனி

வீட்டில். இடுப்பில் பெல்ட், கையில் வாக்கர். இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. "இனி நான் எதுக்குடி லாயக்கு?" என்று கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். "எனக்கு லாயக்குதான், போதுமா?" அத்தை ரெண்டு பேரையும் திட்டினாங்க.

டிசம்பர் 21, ஞாயிறு

பாதம் தூக்கினார்! கொஞ்சம்தான். ஆனா தூக்கினார்.

ஜனவரி 8, வியாழன்

காலையில் வாக்கரை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். நான் வழக்கம்போலப் பின்னாலேயே போனேன். உள்ளே நுழைந்தார், கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போட்டார்.

"டேய், தாழ் போடாதடா!" என்று அத்தை ஓடி வந்தாங்க. "கால் வழுக்கினா யாருடா உன்னைத் தூக்கறது?"

"அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் அப்பால போறீங்களா?" உள்ளே தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் அசையவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தைதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாங்க. "வாடி. அவன் பாட்டுக்கு வரட்டும்."

ரெண்டு பேரும் சமையலறைக்கு வந்துவிட்டோம்.