நானே அடித்த பத்துப் பக்கம்

3 ஜூன் 1985, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். குடை பிடித்தும் முந்தானை முழுக்க ஈரம். எஸ்டேட் வாசலில் ஏழரை பஸ், ஏற்காடு கடைவீதியில் எட்டு மணி தட்டச்சு வகுப்பு. தமிழ் மெஷின் ஒன்றே ஒன்று. அதிலும் ‘ழ’ எழும்பினால் திரும்ப விழாது, விரலால் தட்டிவிட வேண்டும்.

நாலாவது மாதம். இன்னும் புள்ளியில் தடுமாற்றம். கையால் எழுதினால் எழுத்து முதலில், புள்ளி பிறகு. மெஷினில் புள்ளி முதலில். முப்பத்தாறு வயதில் தலைகீழாகப் படிக்கிறேன்.

மாஸ்டர் இன்று சாவிகள் மேல் துணியைப் போட்டுவிட்டார். “ஏனுங்கம்மா, கையையும் பாக்கறீங்க, படிச்சுக்கிட்டே வேற அடிக்கறீங்க. கண்ணு பாக்கோணும், வெரலு அடிக்கோணும். அர்த்தமெல்லாம் ஊட்டுக்குப் போயிப் பாத்துக்குங்க.”

கதை எழுதுகிறவளிடம் போய் அர்த்தம் வேண்டாமாம்.

வாங்க: கார்பன், தைலம், கொத்தமல்லி.

5 ஜூன், புதன்
பயிற்சிக்குத் தாள் தீர்ந்தது. இதுவரை என் ஏழு கதைகளையும் வீட்டுக்காரர்தான் ஆபீசில் அடித்து அங்கிருந்தே தபாலில் சேர்த்தார். எஸ்டேட் ஹெட் கிளார்க். கைக்கு எட்டும் தூரத்தில் தமிழ் மெஷின். இப்போது நேரமில்லை என்கிறார். எட்டாவது கதை மேஜையில் கிடந்து மக்குகிறது. அதனால்தான் இந்த வகுப்பு.

“ஏனுங்க, ஒரு பக்கம் அடிச்ச பழைய பேப்பர் இருந்தாக் கொண்டாங்க.” சாயங்காலமே ஒரு கட்டு கொண்டுவந்தார். சணல் கயிறு போட்டு, ஓரம் சமமாகத் தட்டி. எதிலும் சுத்தம்.

7 ஜூன், வெள்ளி
நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வகுப்பில் தாளை மெஷினில் செருகினேன். பின்பக்கம் ‘கருப்பாயி’ என்று தெரிந்தது. என் கதை! மூன்று வருடம் முன் வந்தது, அதன் கார்பன் நகல். நான் எழுதியதில் கருப்பாயி புருஷனை விட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவாள், அவ்வளவுதான். பத்திரிகையில் வந்தபோது அடிவாரத்தில் இறங்கி, அழுது, திரும்பி வந்தாள். “பத்திரிகைக்காரன் அப்படித்தான் மாத்துவான், நம்ம கையில என்ன இருக்குது” என்றார் அவர். நானும் முகம் தெரியாத அந்த ஆசிரியரை வாயில் வந்தபடி திட்டினேன்.

நகலிலேயே அடிவாரத்தில் இறங்குகிறாள். நகலிலேயே அழுகிறாள். தபாலுக்குப் போகும் முன்பே.

கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். ஏழிலும் அப்படியே, முடிவு மாற்றி அடித்திருக்கிறது.

மாஸ்டர்: “என்னங்கம்மா, ஒடம்புக்குச் சுகமில்லீங்களா?” ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தேன்.

8 ஜூன், சனி
கட்டை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“மொதல்ல ரெண்டு தடவ திரும்பி வந்துச்சா இல்லியா? நான் மாத்தி அடிச்சப்புறந்தான போட்டான்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னா நீ உட்ருவியா? உம்பேருதான புள்ள வந்துச்சு. எம்பேரையா போட்டுக்கிட்டேன்?”

ரசம் கேட்டார். ஊற்றினேன். ஊற்றிய என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

19 ஜூன், புதன்
மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

துணி மூடி, ஒரு பக்கம், இரண்டே பிழை. மாஸ்டர்: “நொம்பப் பரவால்லீங்கம்மா. வேகம் வந்துருச்சு.” கோபத்தில் வரும் வேகம் என்று அவரிடம் சொல்ல முடியுமா.

அவர் இரண்டு தடவை கேட்டார், எட்டாவது கதையைக் கொடு, அடித்துத் தருகிறேன் என்று. இப்போது மட்டும் நேரம் எங்கிருந்து வந்ததாம்?

6 ஜூலை, சனி
எட்டாவது கதையை அடித்து முடித்தேன். பத்துப் பக்கம். மனைவியை அடித்தே கொன்றவன் ஒரு நாள் மாமியார் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். மகளைப் பறிகொடுத்த தாய் திறக்கவில்லை. கதை அங்கேயே முடிகிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் நாலு தடவை அடித்தேன். நானே ஒட்டி, நானே தபாலில் போட்டேன். கடைவீதியில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி. நின்றபடியே மூன்று.

30 ஜூலை, செவ்வாய்
கதை திரும்பி வந்தது. கூடவே கடிதம். தட்டச்சு மிகச் சுத்தமாம். ஆனால் “முந்தைய கதைகளில் இருந்த கனிவு இதில் இல்லை. தாய் கதவைத் திறப்பதாக முடித்து அனுப்பினால் பிரசுரிக்கிறோம்.”

அவர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

1 ஆகஸ்ட், வியாழன்
மழை விட்டது. வகுப்பில் கூட்டமில்லை.

அவர்கள் கேட்டபடி ஒருதரம் அடித்துப் பார்த்தேன். தாய் எழுகிறாள், தாழ்ப்பாளை நீக்குகிறாள், அவன் காலில் விழுகிறான். ஒரு பிழை இல்லை. படித்ததும் எனக்கே கண் கலங்கியது, சனியன். கிழித்தேன்.

புதுத் தாள். பழையபடியே பத்துப் பக்கம், அவள் கதவைத் திறக்கவில்லை. வேறு பத்திரிகைக்கு. மேலே பெயர் அடிக்கும்போது விரல் நின்றது. அவர் பெயர் ஒட்டிய சரோஜா பழனிசாமியின் ஏழு கதை என்றால் நாலு பேருக்குத் தெரியும், கொஞ்சம் மதிப்பார்கள். புதுப் பெயர் என்றால் பிரிக்காமலே திருப்புவார்கள்.

கு. சரோஜா என்று அடித்தேன். அப்பா பெயரின் முதலெழுத்து. அந்தப் பழைய பெயரை அவரே வைத்துக்கொள்ளட்டும், ஏழு கதையும் சேர்த்து.