பாஸ்புக்கின் பழைய பக்கம்

சனிக்கிழமை, திண்டிவனம்.

மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் அம்மா என் காலேஜுக்காகச் சேர்த்த பணத்தை, சித்தப்பா கார் வாங்குவதற்காக அப்பா இன்று மொத்தமாக எடுத்துவிட்டார். பாஸ்புக்கின் புதிய பக்கத்தில் அது பதிவாகியிருக்கிறது. ஞாயிறுதோறும் அம்மா வீடியோ காலில் பாஸ்புக்கைக் காட்டச் சொல்வாள்.

"நாளைக்குப் பழைய பக்கத்தயே காட்டு. ஒளறினே, ஸ்கூலுக்குப் போறத மறந்துடு."

"அம்மா பாவம்பா."

"என்னாடி பாவம்? அங்க ஜாலியா சம்பாரிச்சிக்கினு தான இருக்கா. இன்னும் அனுப்புவா."

ஜாலியாம். டிக்கெட் காசு மிச்சமாகும் என்று மூன்று வருஷமாக அவள் ஊருக்கே வரவில்லை. அப்பா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பயமாகவும் இருக்கிறது.

பழைய பக்கத்தைக் கிழித்து இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். நாளை காட்டப் புதிய பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கூடத்தில் அப்பா இருமுகிறார், எழுந்துவிட்டார் போலிருக்