கையில் இருக்கும் மண்

உன்னை அடக்கம் செய்துவிட்டு, பெரும்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் மண் காய்ந்து தோலை இழுக்கிறது. கழுவுவதற்கு மருமகள் வைத்த வெந்நீர் ஆறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

அழுகை வரவில்லை. உன் பெண்சாதி என் தோளைப் பிடித்து அழுதபோதும் மரக்கட்டையாக நின்றேன்.

நீ ஓட்டிய லாரியில் பதினோரு வருஷம் நான் லோடுமேன். மேல்மலையில் கேரட்டும் கோஸும் ஏற்றி, பழனிப் பக்கம் இறங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவோம். வெள்ளனே நான் கொஞ்சம் பிந்தினாலும், "பெரட்டு முடிஞ்சுதுப்பா, இன்னைக்கு உனக்கு அரைப்பேருதான்" என்பாய். சிலோன் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடம் பெரட்டாம், பிந்தியவனுக்கு அரைநாள்தானாம். கப்பலேறி வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பேச்சு உன்னை விடவில்லை.

இறக்கத்தில் பிரேக் சூடேறினால் வண்டியை நிறுத்துவாய். நான் குதித்து முன்சக்கரத்துக்குக் கல் வைப்பேன். சூடு ஆறியதும் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். பலர் போடுவதில்லை, ஏறி உட்கார்ந்து போய்விடுவார்கள். அடுத்தவன் விட்டுப்போன கல்லுக்கும் நீ வண்டியை நிறுத்துவாய். அதனால் பிந்தும். "இன்னொருக்கா ஏலத்துக்குப் பிந்துனா சாவியக் குடுத்துட்டுப் போயிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"ஏலே, எவன் வச்ச கல்லுக்கோ நாம எதுக்குலே சாகணும்? பாக்க ஆளா இருக்கு?" என்று ஒருமுறை கத்தினேன். ஏதாவது விபத்துக் கதை சொல்வாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "கதையெல்லாம் இல்லப்பா. கல்லு கெடந்தா எனக்கு ஸ்டேரிங் பிடிக்க முடியல" என்றாய். அவ்வளவுதான்.

அந்த மத்தியானம் மழை. மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. ஏலத்துக்கு நேரமாகிறது. பிரேக் ஆறியதும், வைத்த கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

"கல்ல எடுத்தியாப்பா?"

"எடுத்தாச்சு, வெரசா விடு."

இரண்டு வளைவு தாண்டி நிறுத்தினாய். என் கையைப் பார்த்தாய்.

"மழையில கல்லத் தூக்குன கையில மண்ணு இல்லியே."

லோடு வண்டியை அந்தப் பாதையில் திருப்ப முடியாது. நீ நடந்தே மேலே ஏறினாய். நான் கேபினை விட்டு இறங்கவில்லை. நனைந்து திரும்பி வந்து வண்டியை எடுத்தாய்.

ஏலம் முடிந்திருந்தது. மறுநாள் முதலாளி சாவியை வாங்கும்போது, "ஏன்யா பிந்துச்சு?" என்று கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. நீ பெரும்பாறைக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனாய்.

பல வருஷம் கழித்து உன் வீட்டில் சொன்னேன்: "அன்னைக்கு மொதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கணும்." நீ காப்பியை ஆற்றிக்கொண்டே, "கல்லத்தான் எடுத்தாச்சேப்பா" என்றாய். எடுத்தவன் நீ. அதை நீ சொல்லவில்லை.

இன்று திரும்பி வரும் வழியில் பஸ் ஒரு கல்லை விட்டு ஒதுங்கிப் போயிற்று. நிறுத்தச் சொல்லி எழுந்தேன். கண்டக்டர், "பெருசு, ஸ்டாப்பு இல்ல, உக்காருங்க" என்றார். பஸ் நிற்கும்வரை விடாமல் நின்றேன். இறங்கி, இரண்டு கையாலும் கல்லை உருட்டி ஓரமாகத் தள்ளினேன். "வேற சோலியே இல்லையா உங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். மனதில் ஒன்றும் இல்லை. துக்கம் கூட இல்லை. கைதான் தானாகக் கல்லுக்குப் போயிற்று.

எடுத்துவிட்டேன். வேண்டுமானால் கையைப் பார்.